கென்யாவில் கம்பெனி பதிவு: எந்த வகை, யாருக்கு?

நைரோபியில் கணக்கு வேலை பார்க்கிறேன். அலுவலகம் பார்க்லண்ட்ஸ் பக்கம். வரி, தணிக்கை எல்லாம் உண்டு என்றாலும், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் கம்பெனி பதிவுக்குத்தான். வந்து உட்கார்ந்ததும் கேட்பது இரண்டே கேள்விகள்: எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும்? நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன். யாருக்கு விற்கப் போகிறீர்கள், அவர் உங்களிடம் என்ன பேப்பர் கேட்பார்? இதற்குப் பதில் கிடைத்தால் எந்த வகை என்பது பாதி முடிவாகிவிடும்.

பதிவு வேலை இங்கே இப்போது முழுக்க ஆன்லைன்தான். 2015-ல் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு இருந்தது பழைய பிரிட்டிஷ் சட்டத்தின் நகல். இப்போது பிசினஸ் ரெஜிஸ்ட்ரேஷன் சர்வீஸ் என்ற அமைப்பு, சுருக்கமாக பிஆர்எஸ், எல்லா வகை வியாபாரப் பதிவுகளையும் அரசின் இ-சிட்டிசன் தளம் வழியாகச் செய்கிறது. பணம் எம்-பெசாவில், அதாவது இங்குள்ள கைபேசிப் பணச் சேவையில், கட்டினால் போதும். அரசு சேவைகள் எல்லாவற்றுக்கும் 222222 என்ற ஒரே பேபில் எண்தான் (பணம் பெறுபவரின் எண்). கடைசியாக நான் ஒரு பிரைவேட் லிமிடெட் பதிவு செய்தபோது அரசுக் கட்டணம் 10,650 ஷில்லிங். வெறும் வியாபாரப் பெயர் என்றால் 950. பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கி வைக்க 150. ஒதுக்கிய பெயர் 30 நாள் உங்களுக்காக நிற்கும். தொகைகள் அவ்வப்போது மாறும், கட்டும் முன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவில் தொடங்குகிறேன். இதைப் பலரும் கம்பெனி என்றே சொல்கிறார்கள். அது கம்பெனி இல்லை. நீங்களே வேறொரு பெயரில் வியாபாரம் செய்கிறீர்கள், அவ்வளவுதான். கடன் உங்கள் தலையில், வழக்கு உங்கள் பெயரில், வரியும் உங்கள் தனிநபர் வருமான வரிதான். மேல் அடுக்கில் அது 35 சதவீதம் வரை போகும். ஆனால் சிறு வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. எங்கள் அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் ஒரு அம்மா, பள்ளிச் சீருடை தைக்கும் வேலையும் வைத்திருக்கிறார். கம்பெனி ஆரம்பிக்க வேண்டும் என்று வந்தார். ஏன் மாமா என்று கேட்டால் (இங்கே வயதான பெண்களை மரியாதையாக மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்கு முதல் மாதம் வாயில் வராது), அரசு டெண்டர் எடுக்கப் போகிறாராம். இங்கே அரசுக் கொள்முதலில் 30 சதவீதம் பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒதுக்கீடு உண்டு, அக்போ என்பார்கள். அதற்கான சான்றிதழ் இலவசம். அதற்குக் கம்பெனிதான் வேண்டும் என்றில்லை, தனி உரிமையாளர் பதிவே போதும். 950 ஷில்லிங்கில் வேலை முடிந்தது. அவருக்குக் கம்பெனி பதிவு செய்து கொடுத்திருந்தால் எனக்குக் கூடுதல் கட்டணம் கிடைத்திருக்கும். அவருக்கு வருடா வருடம் கம்பெனி கணக்கு, ஆண்டு அறிக்கை என்று தேவையில்லாத சுமை.

வியாபாரம் பெருகினால் இதைக் கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றுவது என்றால் பெயர்ப்பலகையை மாற்றுவது மாதிரி இல்லை. கம்பெனி புதிதாகப் பிறக்கும், புதிய வரி எண் வரும், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, கவுண்டி (உள்ளாட்சி) பெர்மிட் எல்லாம் புதிதாக எழுத வேண்டும். ஆகவே பெரிய நிறுவனங்களுக்கோ சூப்பர் மார்க்கெட் சங்கிலிகளுக்கோ சரக்கு கொடுப்பதுதான் திட்டம் என்றால் முதலிலேயே பிரைவேட் லிமிடெட்டுக்குப் போய்விடுங்கள். அவர்களுடைய கொள்முதல் பிரிவு முதலில் கேட்பது சிஆர்12.

இந்த சிஆர்12 பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இன்கார்ப்பரேஷன் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தச் சான்றிதழில் இருப்பது கம்பெனியின் பெயரும், பிவிடி என்று தொடங்கும் ஒரு எண்ணும், தேதியும்தான். கம்பெனி யாருடையது என்று அதில் இருக்காது. சிஆர்12-தான் அதைச் சொல்லும்: இன்றைய தேதியில் இயக்குநர்கள் யார், பங்குதாரர்கள் யார், யாரிடம் எத்தனை பங்கு, பதிவு முகவரி எது, அடமானம் ஏதாவது இருக்கிறதா. ஒரு வங்கியில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய கணக்கைத் திறக்கப் போனபோது, கையில் இருந்த சிஆர்12 சில மாதம் பழையது என்று திருப்பி அனுப்பினார்கள். உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் புதிது வேண்டும். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பங்கு ஒரே நாளில் கைமாறலாம். அதனால் வங்கி, டெண்டர், வாடகை என்று எதற்குப் போகிறீர்களோ அதற்கு முந்தைய வாரம் புதிதாக எடுங்கள். நீங்கள் யாரோடாவது கூட்டுச் சேரும்போதும் இதேதான்: அவர் காட்டும் சான்றிதழைப் பார்க்காதீர்கள், நீங்களே விண்ணப்பித்து அவர் கம்பெனியின் சிஆர்12-ஐ எடுத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி எடுக்கலாம்.

பிரைவேட் லிமிடெட்டுக்கு ஒரே ஆள் போதும். அவரே இயக்குநர், அவரே பங்குதாரர். குறைந்தபட்ச மூலதனம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. வழக்கமாக எல்லாரும் ஒரு லட்சம் ஷில்லிங், நூறு ஷில்லிங் வீதம் ஆயிரம் பங்கு என்று போடுவார்கள். செலுத்திய மூலதனம் 50 லட்சம் ஷில்லிங்கைத் தொட்டால் தகுதி பெற்ற கம்பெனி செக்ரட்டரி ஒருவரைக் கட்டாயம் நியமிக்க வேண்டும். அதற்குக் கீழே கட்டாயமில்லை. கௌரவத்துக்காகப் பெரிய மூலதனம் காட்டுகிறவர்கள் இந்த வரம்பை யோசிப்பதில்லை.

படிவங்களைத் தளமே தயாரித்துக் கொடுக்கும். சிஆர்1 விண்ணப்பம், சிஆர்2 மெமோராண்டம், சிஆர்8 இயக்குநர்களின் வீட்டு முகவரி, பிஓஎஃப்1 உண்மையான உரிமையாளர் விவரம். இறக்கி, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். திரும்பி வருவது பெரும்பாலும் கையெழுத்துச் சமாச்சாரத்தில்தான். கோயம்புத்தூரிலிருந்து பம்ப் செட் விற்க வந்த ஒரு பெரியவருக்கு பாஸ்போர்ட்டில் கையெழுத்து தமிழில் இருக்கிறது, அழகான கையெழுத்து. படிவத்தில் மட்டும் ஆங்கிலத்தில் போட்டு அனுப்பிவிட்டார். "ஏனுங்க தம்பி, வெளிநாட்டுப் படிவத்துல தமிழ்ல போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். நல்லா இருப்பது முக்கியமில்லை, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போவதுதான் முக்கியம். திருத்தம் கேட்டு வந்தது. தமிழில் போட்டார், உடனே ஏற்கப்பட்டது.

முகவரியும் ஒரு தொல்லை. இங்கே நம் ஊர் மாதிரி கதவு எண், தெரு என்று தபால் வீட்டுக்கு வராது. கட்டடத்தின் பெயர், சாலை, நிலப் பதிவு எண், அப்புறம் தபால் பெட்டி எண், அதற்கொரு குறியீடு. பார்க்லண்ட்ஸ் 00623, நகர மையத்து ஜிபிஓ 00100, சரித் சென்டர் 00606. வாடகை ஒப்பந்தத்தில் நிலப் பதிவு எண் இருக்கும்; இல்லையென்றால் கட்டட நிர்வாகியிடம் கேட்டு வாங்குங்கள்.

பிஓஎஃப்1 படிவத்தை அலட்சியமாக நிரப்பாதீர்கள். 2020-லிருந்து பத்து சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கோ வாக்குரிமையோ கையில் இருக்கும் மனிதர்களின் விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். பங்கு ஒரு கம்பெனி பெயரில் இருந்தால் அந்தக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று மேலே மேலே போய் எழுத வேண்டும். "என் மச்சான் பேர்ல போட்டுக்கலாம், நிஜமா நான்தான்" என்கிற ஏற்பாடுகளுக்கு இந்தப் படிவம்தான் வேட்டு வைக்கிறது.

இப்போது அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவர் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தியக் கம்பெனி ஒன்று இங்கே வரும்போது எழும் எல்லாக் கேள்வியும் அதில் இருக்கிறது. தாய்க் கம்பெனியின் கிளையாகப் பதிவு செய்வதா, இல்லை இங்கேயே ஒரு துணைக் கம்பெனி தொடங்குவதா? கிளை என்றால் வேலை குறைவு என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உண்மையில் வேலை அதிகம். இந்திய இன்கார்ப்பரேஷன் சான்றிதழ், மெமோராண்டம், ஆர்ட்டிக்கிள்ஸ் எல்லாவற்றுக்கும் சான்றளித்த நகல், இயக்குநர்கள் பட்டியல், இங்கே வசிக்கும் ஒரு உள்ளூர்ப் பிரதிநிதி நியமனம். கம்பெனிக்கு வரும் நோட்டீஸ் எல்லாம் அந்தப் பிரதிநிதி கைக்குத்தான் வரும், அதனால் யார் யாரையோ போட முடியாது. வெளிநாட்டுக் கம்பெனியில் 30 சதவீதப் பங்கு கென்யர்களிடம் இருக்க வேண்டும் என்று 2015 சட்டத்தில் ஒரு விதி இருந்தது. 2017-ல் திருத்தம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் சில தரகர்கள் அந்த விதியைச் சொல்லித் தங்கள் ஆளைப் பங்குதாரராக நுழைக்கப் பார்க்கிறார்கள். ஏமாறாதீர்கள். சில துறைகளில் உள்ளூர்ப் பங்கு விதிகள் தனியாக இருக்கின்றன, பம்ப் செட் விற்க அப்படி எதுவும் இல்லை.

வரிக் கணக்கில் முன்பு தெளிவான வித்தியாசம் இருந்தது: உள்ளூர்க் கம்பெனிக்கு 30 சதவீதம், கிளைக்கு 37.5. 2024 ஜனவரியிலிருந்து கிளைக்கும் 30 ஆனது. கூடவே கிளை தாயகத்துக்கு அனுப்பும் லாபத்தின் மீது 15 சதவீதம் தனி வரி வந்தது. நிஜமாகப் பணம் அனுப்பினீர்களா என்று பார்ப்பதில்லை. வருட லாபத்தில் எவ்வளவு கிளையின் நிகரச் சொத்தில் தங்கவில்லையோ அது போய்விட்டதாகவே கணக்கு. துணைக் கம்பெனி டிவிடெண்ட் அனுப்பினால் வெளிநாட்டவருக்குப் பொதுவாக 15 சதவீதம் பிடித்தம், இந்தியா-கென்யா இரட்டை வரி ஒப்பந்தம் பொருந்தினால் 10. ஆக, பெரியவருக்கு வரியிலும் துணைக் கம்பெனியே லாபம். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பொறுப்பு. கிளை தனி ஆள் இல்லை. இங்கே ஒரு போர்வெல் வேலையில் பிரச்சினையாகி வழக்கு வந்தால் அது நேராகக் கோயம்புத்தூர்த் தொழிற்சாலையின் மீது போகும். இதைச் சொன்னதும் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. தாய்க் கம்பெனியே நூறு சதவீதப் பங்குதாரராக ஒரு பிரைவேட் லிமிடெட் பதிவு செய்தோம்.

கிளை யாருக்குப் பொருந்தும்? ஒரே ஒரு ஒப்பந்த வேலைக்காக வந்து, அது முடிந்ததும் கிளம்பும் கட்டுமான, பொறியியல் நிறுவனங்களுக்கு. டெண்டர் கொடுப்பவர் தாய்க் கம்பெனியின் பழைய அனுபவத்தையும் கணக்கையும் பார்த்துக் கொடுக்கும்போது, அதே பெயர் இங்கேயும் இருப்பது உதவும்.

பெரியவர் விஷயத்தில் கென்யப் பதிவைவிட இந்தியப் பக்கம்தான் நேரம் பிடித்தது. வெளிநாட்டில் முதலீடு செய்யும் இந்தியக் கம்பெனி, ஏடி வங்கி (அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற வங்கி) வழியாக எஃப்சி படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் தனி எண்ணை வாங்கிய பிறகுதான் பணம் அனுப்ப முடியும். அனுப்பி ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழை வங்கியில் காட்ட வேண்டும், ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும். இதை யோசிக்காமல் மகனுடைய கணக்கிலிருந்து "சும்மா செலவுக்கு" என்று பணம் அனுப்பத் தொடங்கினால், பின்னால் அது மூலதனமா கடனா என்று நிரூபிக்க முடியாமல் திண்டாட்டம்.

இன்னொன்று, கம்பெனி பதிவாகிவிட்டால் இங்கே தங்கி வேலை செய்யலாம் என்ற நினைப்பு. இரண்டும் வேறு வேறு. முதலீட்டாளராக இருந்து தொழில் நடத்த ஜி வகுப்பு பெர்மிட் வேண்டும். அதற்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலர் முதலீட்டுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். சம்பளத்துக்கு ஆள் கொண்டுவந்தால் டி வகுப்பு. சிஆர்12-ல் உங்கள் பெயர் இருப்பதால் இமிக்ரேஷன் அதிகாரி சலுகை தர மாட்டார். பெரியவர் தன் மேலாளரை டி வகுப்பில் அழைத்துக்கொண்டு தான் ஊரிலிருந்தே நடத்துகிறார்.

எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2011 சட்டம். குறைந்தது இரண்டு கூட்டாளிகள், நாட்டில் வசிக்கும் ஒரு மேலாளர் வேண்டும். ஆலோசகர்கள், கட்டடக் கலைஞர்கள் எடுக்கிறார்கள். லாப வரி கூட்டாளிகள் கையில்தான் விழும். சரக்கு வியாபாரிக்கு நான் பரிந்துரைத்ததில்லை. பப்ளிக் லிமிடெட் நம்மில் யாருக்கும் முதல் நாளே தேவைப்படாது.

கேரண்டி கம்பெனி என்று ஒரு வகை உண்டு. பங்கு மூலதனம் கிடையாது, லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. பள்ளி, அறக்கட்டளை, தொழில் சங்கம் போன்றவற்றுக்கு. உறுப்பினர்களின் பின்னணி சரிபார்ப்பு இருப்பதால் நாள் பிடிக்கும். ஊர்ச் சங்கம், பொங்கல் விழா, பஜனைக் குழு என்றால் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு போதும். நிதி திரட்டிச் சமூகப் பணி செய்வதாக இருந்தால், 2013-ல் நிறைவேறி 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்த பொதுநல அமைப்புகள் சட்டத்தைப் பாருங்கள்.

சரி, எந்த வகையானாலும் பொருந்தும் சில விஷயங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் இயக்குநர்களுக்கும் கேஆர்ஏ பின் எண் வேண்டும். கேஆர்ஏ என்பது இங்குள்ள வரித்துறை, பின் என்பது அது தரும் வரி எண். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் நேரம் தின்னும், முதலில் இதைத் தொடங்குங்கள்.

யாருடைய இ-சிட்டிசன் கணக்கிலிருந்து பதிவு செய்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். தரகரின் கணக்கிலிருந்து செய்தால், பின்னால் முகவரி மாற்ற, இயக்குநர் சேர்க்க, சிஆர்12 எடுக்க ஒவ்வொன்றுக்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும். கூட்டாளிகளுக்குள் சண்டை வந்த ஒரு கம்பெனியில் இதே கதி. தளத்தின் சாவி ஒருவர் கையில், வரித்தளத்தின் பாஸ்வேர்டு போகும் மின்னஞ்சல் இன்னொருவர் கையில். ஒருவர் மாற்றிய முகவரி மற்றவருக்குத் தெரியாது. கம்பெனிக்கென்று தனி மின்னஞ்சல், தனி சிம் கார்டு வைத்து, அதைப் பதிவுக்கு முன்பே தயார் செய்துகொள்வது நல்லது. ஐம்பதுக்கு ஐம்பது என்று பங்கு போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இருவரும் முரண்பட்டால் யார் முடிவு செல்லும் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு அப்புறம் கை குலுக்குங்கள். தளம் தரும் மாதிரி ஆர்ட்டிக்கிள்ஸ் அந்த வேலையைச் செய்யாது.

விண்ணப்பத்தில் எந்தெந்த வரிக்குப் பதிவு வேண்டும் என்று ஒரு பக்கம் வரும். எதற்கும் இருக்கட்டும் என்று வாட், சம்பளப் பிடித்தம் இரண்டையும் டிக் செய்துவிடுகிறார்கள். விற்பனை வருடத்துக்கு 50 லட்சம் ஷில்லிங் தொட்ட பிறகுதான் வாட் பதிவு கட்டாயம். டிக் செய்த அன்றிலிருந்து, விற்பனை இல்லாவிட்டாலும் மாதம்தோறும் 20-ம் தேதிக்குள் வெற்று ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் மாதத்துக்குப் பத்தாயிரம் ஷில்லிங் அபராதம். சம்பளப் பிடித்தத்துக்கு 9-ம் தேதி. ஆள் எடுத்த மாதத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆள் எடுத்தால் வீட்டுவசதி லெவி இரு தரப்பிலும் ஒன்றரை சதவீதம், சமூகச் சுகாதார நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் 2.75 சதவீதம், ஓய்வூதியத்துக்கு என்எஸ்எஸ்எஃப் என்று வரிசையாக உண்டு. சம்பளம் பேசும்போதே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வருட விற்பனை 10 லட்சத்துக்கும் 2.5 கோடிக்கும் இடையில் என்றால் விற்றுமுதல் வரி 3 சதவீதம். எளிது என்று தோன்றும். அது லாபத்தின் மீது இல்லை, மொத்த விற்பனை மீது. மார்ஜின் மெலிந்த மளிகை மொத்த வியாபாரிக்கு இது வலிக்கும். அவர் இதை விட்டு விலகிச் சாதாரண வருமான வரிக்கு எழுதிக் கொடுக்கலாம். 2024-லிருந்து இ-டிம்ஸ் (வரித்துறையின் மின்னணு பில் முறை) பில் இல்லாத செலவைக் கழிக்கவும் விட மாட்டார்கள், அதனால் வாங்கும் இடத்திலேயே பில் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டும்.

கடை திறக்கும் முன் கவுண்டி பெர்மிட். நைரோபியில் இப்போது தீயணைப்பு, சுகாதாரம், விளம்பரப் பலகை எல்லாம் ஒரே பெர்மிட்டுக்குள் வருகிறது. கவுண்டி ஆட்களை இங்கே கஞ்சோ என்பார்கள். வந்தால் பெர்மிட்டைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இன்கார்ப்பரேஷன் சான்றிதழை மாட்டிய இடத்தில் இதை மாட்டுங்கள்.

மூடுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்வேன். கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினால் கம்பெனி மூடியதாக ஆகாது. வருடாந்திர வருமான வரி ரிட்டர்ன் தவறினால் கம்பெனிக்கு வருடத்துக்கு 20,000 ஷில்லிங் அல்லது வரியில் ஐந்து சதவீதம், எது அதிகமோ அது. ஏறிக்கொண்டே போகும். அதே இயக்குநர் சில வருடம் கழித்துத் திரும்பி வந்து வேறு கம்பெனிக்கு வரிச் சான்று கேட்கும்போது பழைய கணக்கு எதிரே வந்து நிற்கும். முறையாகச் செய்வதானால் வாட், சம்பளப் பிடித்தப் பதிவுகளை முதலில் ரத்து செய்து, பாக்கி ரிட்டர்ன் எல்லாம் போட்டு, வங்கிக் கணக்கை மூடி, அதன் பிறகு பதிவிலிருந்து நீக்கும்படி பிஆர்எஸ்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுப்பார்கள். வரி பாக்கி இருந்தால் வரித்துறை அங்கே ஆட்சேபம் எழுப்பும். அதைத் தீர்க்காமல் பெயர் நீங்காது. கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர் எல்லாரும் நாட்டில் இருக்கும்போதே இதை ஆரம்பித்துவிடுங்கள்.